கோமதி எந்த விசையையும் அழுத்தவில்லை

பார்வையில்லாத ஒரு பெண்ணின் மீது நான் பொய்ப்பழி போட்டேன். தவறு என்னுடையது, செய்தவை என் விரல்கள். பழியை அவள் விரல்கள் மீது ஏற்றிவிட்டு, நல்ல பெயரோடு வீடு திரும்பினேன்.

என் மனைவியிடம் இதைச் சொன்னதில்லை. கோயிலில், பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால் வந்த துணிச்சலோ இது... இருக்கலாம்.

என் பெயர் சேவியர். வில்லியனூருக்குப் பக்கத்தில், மாதா கோயிலைச் சுற்றி வீடுகள் கூடிய ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். அந்தப் பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் கணினிக்கூடத்துக்குப் பொறுப்பாளனாக இருக்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அது எந்தப் பாவமும் செய்யவில்லை.

கல்லூரி விடுமுறை நாட்களில் எங்கள் கூடத்தை வேலைவாய்ப்புத் தேர்வுகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். தேர்வு நடத்தும் நிறுவனம் ஒரு மென்பொருளை அனுப்பும். அதை எல்லாக் கணினிகளிலும் ஏற்றி வைப்பது என் வேலை.

மென்பொருள் ஏற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோப்பின் மீது இரண்டு முறை தட்டினால் ஒரு சிறிய சாளரம் திறக்கும். எந்த மொழி? எந்த இடத்தில் வைக்கட்டும்? சம்மதமா? 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'ஃபினிஷ்'. ஒரு கணினி என்றால் சரி. கூடம் நிறையக் கணினிகள் இருந்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து அதே கேள்விகளுக்கு அதே பதில்களைச் சொல்லி மாள வேண்டும்.

அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளையை ஒரே வரியில் எழுதி, கேள்விகளுக்கான பதில்களை அந்த வரியிலேயே சேர்த்து, என் மேசையிலிருந்தே எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிவிடலாம். கூடவே /quiet என்று ஒரு சொல். அவ்வளவுதான்! மென்பொருள் எதையும் கேட்காது, எதையும் காட்டாது, எச்சரிக்காது. நாம் எழுதியபடி செய்துவிட்டுப் போய்விடும்.

இந்த வித்தையில் எனக்குப் பெருமை இருந்தது. பெருமை என்பதுகூடக் குறைவான சொல். மற்ற கல்லூரிகளில் இரண்டு ஆட்கள் ஒரு நாள் முழுக்கச் செய்வதை நான் நாற்காலியை விட்டு எழாமல் முடிப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். கூடத்தில் என்னோடு வேலை பார்த்த சுதா, "சார் ஒரு வரி எழுதினா போதும், லேப்பே எழுந்து நிக்கும்" என்பாள். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை!

தேர்வுக்கு முந்தைய நாள், பிற்பகலில் கோமதி வந்தாள்.

பாகூர்ப் பக்கத்துப் பெண். அவள் அப்பா ராமலிங்கம் கரும்பும் நெல்லும் பயிரிடுகிறவர். மகளின் கையைத் தன் தோளில் வைத்துக் கூட்டிவந்தார். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அரசு அலுவலகப் பணி ஒன்றுக்கான தேர்வு அது. பார்வையற்றவர்கள் வேறொருவரை வைத்துத் தேர்வு எழுதலாம். அல்லது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத் தாமே எழுதலாம். கோமதி தானே எழுதுவதாக விண்ணப்பித்திருந்தாள்.

அவளுக்காக மூலையில் இருந்த கணினியில் அந்த வாசிப்பு மென்பொருளை ஏற்றி வைத்திருந்தேன். உட்கார்ந்தாள். காதுக்கருவியை மாட்டினாள். விசைப்பலகையின் ஓரங்களை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு அவள் விரல்கள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே... நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வாசிக்கும் குரலின் வேகத்தை அவள் கூட்டிக்கொண்டே போனாள். எனக்கு அது வண்டு இரைவது போலத்தான் கேட்டது. அவளுக்கோ ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"இவ்ளோ வேகமா ஓடுதே, புரியுதாம்மா?" என்றேன்.

"மெதுவா படிச்சா எனக்குத் தூக்கம் வந்துடும் சார்" என்று சிரித்தாள்.

ராமலிங்கம் என்னை ஓரமாக அழைத்தார். "சார், வயசு தாண்டுது. இதுக்கு மேல இந்த வேலைக்கு அப்ளை பண்ண முடியாதுன்றாங்க. ராவும் பகலுமா படிச்சிருக்குது. மெஷின் மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க சார்."

"நா பாத்துக்கறேன். கவலையே படாதீங்க" என்றேன்.

கிளம்பும்போது கோமதி கேட்டாள். "நாளைக்கும் எனக்கு இதே மெஷின்தானே சார்?"

"இதேதான்."

அவர்கள் போன சிறிது நேரத்தில் தேர்வு நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. மென்பொருளின் புதிய பதிப்பை அனுப்பியிருக்கிறோம். பழையதை எடுத்துவிட்டு இதை ஏற்றுங்கள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்று மூலக்குளத்தில் என் மைத்துனனின் புதுமனைப் புகுவிழா. கிளம்ப வேண்டிய நேரம். வழக்கம்போல் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி எழுதி, ஒரு கணினியில் சோதித்தேன். பிழை என்று சொல்லி நின்றுவிட்டது.

காரணம் தேடினேன். புதிய பதிப்பில் ஒரு கேள்வி கூடுதலாக இருந்தது. தேர்வில் யாரும் ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காகக் கணினியில் இருக்கும் பிற மென்பொருள்களை அது நீக்கிவிடும். எவற்றை நீக்காமல் விட வேண்டும் என்று கேட்கும். கட்டளை வரியில் அதற்கும் ஒரு இடம் இருந்தது. பெயர் கொடுத்தால் அந்த மென்பொருளை விட்டுவைக்கும். NONE என்று கொடுத்தால் எதையும் விட்டுவைக்காது.

நான் NONE என்று எழுதினேன்.

மறதியால் எழுதினேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை... அப்படி இருந்தால் இதை எழுதவே மாட்டேன். மூலைக் கணினி என் நினைவில் இருந்தது. அதற்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுத வேண்டும், வாசிப்பு மென்பொருளின் பெயரைச் சரியாகப் பார்த்துப் போட வேண்டும், பிறகு போய் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் கைபேசி அடித்தது. மைத்துனன்.

"இன்னா மாமா, எல்லாரும் வந்துட்டாங்க. நீ எங்க இருக்க?"

"தோ, கெளம்பிட்டேன்டா."

என்டர் விசையைத் தட்டினேன். எல்லாக் கணினிகளுக்கும், மூலைக் கணினிக்கும் சேர்த்து. காலையில் சீக்கிரம் வந்து அதில் மட்டும் திரும்ப ஏற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெற்றி, வெற்றி என்று வரிசையாகத் திரையில் வந்ததைப் பார்த்துவிட்டுப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மூலக்குளத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் சீக்கிரம் போகத்தான் செய்தேன். ஆனால் ஒரு வரிசை முழுக்க மின்சாரம் வரவில்லை. யுபிஎஸ் பழுது. அதோடு மல்லுக்கட்டியதில் நேரம் போய்விட்டது. தேர்வு நிறுவனத்தின் ஆட்கள் வந்து எல்லாக் கணினிகளையும் சரிபார்த்துப் பூட்டினார்கள். இனி தேர்வு முடியும்வரை எதிலும் எதையும் ஏற்ற முடியாது.

கோமதி கைத்தடியோடு உள்ளே நுழைந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. மூலைக் கணினியில் நான் எதையும் திரும்ப ஏற்றவில்லை.

அப்போதும் நேரம் இருந்தது. தேர்வு தொடங்கவில்லை. தலைமைக் கண்காணிப்பாளர் நாலடி தூரத்தில் நின்றிருந்தார். வெளியூர்ப் பேராசிரியர், வயதானவர், கண்டிப்பானவர். ஆனால் கெட்டவர் அல்ல. 'சார், ஒரு தப்பு நடந்துபோச்சு' என்று ஒரு வார்த்தை! நான் வாய் திறக்கவில்லை. ஒருவேளை நீக்காமல் விட்டிருக்கும் என்று நம்பினேன். நான் எழுதிய கட்டளை, ஒருமுறையாவது நான் சொன்னபடி கேட்காமல் இருக்கட்டும் என்று மாதாவை வேண்டினேன்.

மணி அடித்தது. கூடம் முழுக்க விசைகளின் சத்தம். மூலையில் மட்டும் சத்தமில்லை.

கோமதி கை உயர்த்தினாள். "சார்... சத்தமே வரல."

போனேன். காதுக்கருவியின் வயரைக் கழற்றி மாட்டினேன். ஒலி அளவைக் கூட்டினேன். எல்லாம் நடிப்பு. திரையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாசிப்பு மென்பொருள் அதில் இல்லை. அது இருந்த அடையாளமே இல்லை.

தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார். "என்னங்க பிரச்சினை?"

"ரீடர் வேலை செய்யல சார்."

"நேத்து ட்ரயல் பாத்தாச்சுன்னு சொன்னீங்களே?"

"பாத்தோம் சார். நல்லா வேலை செஞ்சுது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க, நான் ரிப்போர்ட் பண்ணணும். சென்டர் தப்புன்னா இந்தப் பொண்ணுக்கு இன்னொரு நாள் எழுத விடுவாங்க. கரன்ட் வராத வரிசைக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். கேண்டிடேட் தப்புன்னா முடியாது. எது, சொல்லுங்க."

இவ்வளவு தெளிவாக யாராவது ஒரு மனிதனிடம் கேட்பார்களா? வலப்பக்கம் ஒரு கதவு, இடப்பக்கம் ஒரு கதவு. கோமதி எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக் காத்திருந்தாள்.

என் கண் முன்னால் என்ன வந்தது தெரியுமா? முதல்வர் அறை. 'ஒரு வரி எழுதினால் போதும்' என்ற என் பேச்சு. சுதா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிறுமைப்பட்டுவிடுவேன்... அவ்வளவுதான். வேலை போயிருக்காது. ஒரு திட்டு விழுந்திருக்கும். அந்த ஒரு திட்டை வாங்க எனக்கு மனம் வரவில்லை!

"மெஷின் சரியாத்தான் இருந்துது சார். இவங்கதான் அவசரத்துல ஏதோ கீய அழுத்திட்டாங்க. அதுல ரீடர் மூடிக்கிச்சு. லாக் பண்ணின மெஷின்ல இனி தெறக்க முடியாது" என்றேன்.

"நான் எதுவும் அழுத்தலயே சார்..." என்றாள் கோமதி. "கண்ட்ரோல் மட்டும்தான் ஒரு தடவ... அப்புறம் டேப்..." அவள் விரல்கள் விசைகளுக்கு மேலே, எதையும் தொடாமல் நின்றன. "ஒருவேள..." என்றாள்.

அந்த 'ஒருவேள' என்னுடையது. நான்தான் அதை அவளுக்குள் வைத்தேன். அதுவரை தன் விரல்களைச் சந்தேகிக்கத் தெரியாத பெண் அவள்.

அலுவலகத்திலிருந்து ஒரு எழுத்தரை அழைத்து வந்து கேள்விகளைப் படித்துச் சொல்ல வைத்தார்கள். அவருக்கு இந்த வேலை புதிது. கணக்குகளில் எண்களை விட்டு விட்டுப் படித்தார். அவள் திரும்பக் கேட்டபோது சலித்துக்கொண்டார். அவர் வருவதற்குள்ளேயே பாதி நேரம் போயிருந்தது. அவள் கடைசிவரை எழுதினாள். ஒரு முறைகூட அழவில்லை. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பார்வையற்றவளிடமிருந்து ஒளிந்துகொண்டவனைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

வாசலில் ராமலிங்கம் ஓடி வந்தார். "இன்னாம்மா, நல்லா எழுதினியா?"

"இல்லப்பா. நான்தான் ஏதோ கீய அழுத்திட்டேன் போல. மெஷின் பேசல."

அவர் என்னைப் பார்த்தார். என் மேல் சந்தேகமே இல்லாத பார்வை. "பரவால்ல சார். நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்" என்றார். மகளின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

கூடம் காலியானதும் மூலைக் கணினியில் உட்கார்ந்தேன். தேர்வு மென்பொருளை எடுத்துவிட்டேன். வாசிப்பு மென்பொருளை ஏற்றினேன். பிறகு தேர்வு மென்பொருளை மீண்டும் ஏற்றினேன். இந்த முறை NONE இருந்த இடத்தில் வாசிப்பு மென்பொருளின் பெயர். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. காதுக்கருவியை மாட்டினேன். 'தேர்வுக்கு வரவேற்கிறோம்' என்று குரல் பேசியது. தெளிவாகப் பேசியது. கழற்றி மேசை மேல் வைத்தேன். அங்கிருந்தும் அது பேசிக்கொண்டே இருந்தது.

மின்சாரம் வராத வரிசைக்காரர்கள் வேறொரு நாள் வந்து எழுதினார்கள். கோமதி வரவில்லை. அவள் தேறவும் இல்லை.

தவக்காலம் வந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் முழந்தாளிட்டேன். கோபப்பட்டேன் ஃபாதர், பூசைக்கு வராமல் இருந்தேன் ஃபாதர் என்று சொல்லிக்கொண்டே போய், நடுவில் "வேலை இடத்தில் ஒரு பொய் சொன்னேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அதால யாருக்காவது கெடுதல் ஆச்சாப்பா?" என்று கேட்டார்.

"தெரியல ஃபாதர்" என்றேன்.

பாவமன்னிப்பு கொடுத்தார். ஆனால் எதற்குக் கொடுத்தார்? நான் சொன்ன பாவத்துக்குத்தானே! நான் செய்ததை அவர் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து நான் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும்போதெல்லாம் நாக்கு வறண்டுபோகிறது.

சில ஆண்டுகள் போயின. எனக்குப் பதவி உயர்வு வந்தது. மற்ற கல்லூரிகளில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். கட்டளை வரியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் படித்துவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். "சார் எவ்ளோ ஜாக்கிரதையான ஆளு" என்கிறார்கள்.

சென்ற ஆண்டு, மூலக்குளத்தில் ஒரு தனியார் அலுவலகத்துக்கு மென்பொருள் ஏற்றிக் கொடுக்கப் போனேன். வரவேற்பு மேசையில் தொலைபேசி எடுத்துப் பேசிக்கொண்டிருந்த பெண்ணிடம், "மேனேஜரைப் பார்க்கணும்" என்றேன்.

அவள் தலையைச் சாய்த்தாள். "சார்... நீங்க காலேஜ் லேப் சார்தானே?"

கோமதி. குரலை வைத்தே என்னைக் கண்டுகொண்டாள். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

மேலாளர் வரும்வரை பேசினாள். தொலைபேசி வேலை மட்டும்தான் பார்க்கிறாளாம். கணினியில் பதிவு செய்யும் வேலை கொடுத்தார்களாம், சம்பளமும் கூடவாம். வேண்டாம் என்றுவிட்டாளாம்.

"ஏம்மா? நீதான் அவ்ளோ வேகமா டைப் பண்ணுவியே..."

"அதெல்லாம் போச்சு சார். கீ போர்டுல கை வெச்சாலே பயமா இருக்கு. எத அழுத்தி எத மூடிடுவேனோன்னு. ஒவ்வொரு கீயையும் ரெண்டு தடவ தடவிப் பாத்துட்டுதான் அழுத்துவேன். அப்படி வேலை செஞ்சா யார் சார் வெச்சுக்குவாங்க?"

பிறகு, மிகச் சாதாரணமாக, நெடுநாள் கணக்கு ஒன்றின் விடையைக் கேட்பது போலக் கேட்டாள்.

"சார், அன்னிக்கு நான் எந்த கீய அழுத்தியிருப்பேன்? இன்னும் யோசிச்சிட்டே இருக்கேன். ரீடர மூடுற கீ எனக்குத் தெரியும், அத அழுத்தல. அது நிச்சயம். வேற எதுவா இருக்கும்?"

சுற்றி யாரும் இல்லை. முதல்வர் இல்லை, கண்காணிப்பாளர் இல்லை, சுதா இல்லை. திட்டு விழப்போவதில்லை. வேலை போகப்போவதில்லை. கடவுள் இதைவிட லேசான வாய்ப்பை ஒருவனுக்குக் கொடுக்க முடியாது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எஃப் லெவனா இருக்கும்மா. அந்தத் தேர்வு சாஃப்ட்வேர்ல அத அழுத்துனா மத்ததெல்லாம் மூடிக்கும். நெறைய பேருக்கு அப்படி ஆயிருக்கு."

பொய். முழுப் பொய். அப்படி ஒரு விசையே அந்த மென்பொருளில் கிடையாது. என் வாய் அதை எங்கிருந்து எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை. முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதை எதற்குச் சொன்னேன்?

கோமதியின் விரல் மேசை மேல் ஒரு வரிசையை எண்ணிப் பார்த்தது. பிறகு, "எஃப் லெவன்... ஆமா சார், அப்படித்தான் இருக்கும். மேல் வரிசையில கை பட்டிருக்கும்" என்றாள். அவள் முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கினாற்போல இருந்தது. "ரொம்ப தேங்க்ஸ் சார். இத்தன வருஷமா யாரும் சொல்லல." என் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் அவளே அழைத்தாள். குரலில் பழைய துள்ளல்.

"சார், ஒரு கீ போர்டு வாங்கினேன். எஃப் லெவன் கீய அப்பாகிட்ட சொல்லிப் புடுங்கிட்டேன். அந்த எடத்துல குழி மாதிரி இருக்கு. கை அங்க போனா தெரிஞ்சுடுது. இப்ப பயமே இல்ல சார்! ஆபீஸ்லயும் டேட்டா வேலை பாக்கறேன்னு சொல்லிட்டேன். அப்பா உங்கள வூட்டுக்குக் கூப்புட்டாரு சார், அவசியம் வரணும்."

"வரேம்மா" என்றேன்.

நீங்கள் கேட்கலாம். போய் உண்மையைச் சொல்லேன், இன்னும் என்ன தயக்கம் என்று. நேற்று போனேன். பாகூர் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி நின்றேன். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை என்பது அவளுக்குச் சேர வேண்டிய உண்மை. அதை அவளிடமிருந்து வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதைச் சொன்னால், என் பொய்யை நம்பித் திரும்ப எழுந்து நின்ற அந்தத் தைரியம் என்ன ஆகும்? நான் அவளுக்காகத் தயங்குகிறேனா? அல்லது இதுவும் என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் கண்டுபிடித்த இன்னொரு நல்ல காரணமா? எனக்குத் தெரியவில்லை... சத்தியமாகத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் வில்லியனூர் பேருந்து வந்தது. ஏறிவிட்டேன்.

வழியில் கைபேசி அடித்தது. எடுத்தேன். அவள்தான். "சார், வரேன்னீங்களே, அப்பா காத்துட்டிருக்காரு..." ஒரு வேலை வந்துவிட்டது என்று சொன்னேன்.

"பரவால்ல சார்" என்றாள் கோமதி. "நீங்க இன்னா பண்ணுவீங்க."